கடுகுக்கு ஒரு பிடி மணல்

வேலூர் ஜெயில்
28.1.2024

அன்புள்ள அக்கா அஞ்சலாட்சிக்குத் தம்பி ஆனந்தராஜ் எழுதுவது. இருக்கிறேன். நீயும் மாமாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். மாமாவின் முழங்கால் வீக்கம் குறைந்ததா?

வக்கீல் வந்து போனார். குண்டாஸில் போட்டுவிட்டார்களாம். ஒரு வருஷத்துக்கு வெளியே வருகிற பேச்சே இல்லை. காய்கறிக் கூடைக்கு அடியில் பிராந்திப் பெட்டியை வைத்துப் பார்டரைத் தாண்டினவன் யாரை நொந்துகொள்வது? அதை எழுத இந்தக் கடிதம் இல்லை.

ஜெயசித்ரா கவிநிலாவைக் கூட்டிக்கொண்டு லாஸ்பேட்டையில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். நான் இங்கிருந்து பேசினால் போனை எடுப்பதில்லை. ஒன்றுக்கு மட்டும் ஒத்துக்கொண்டிருக்கிறாள். கவியின் பல்லிக்குட்டி கடுகை அந்த வீட்டில் சேர்க்க மாட்டார்கள். அது உன் வீட்டில் இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை கவி வந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று வக்கீலிடம் சொல்லி அனுப்பினாள். அக்கா, கடுகு இருக்கிற வரைக்கும் என் பிள்ளை உன் வாசலை மிதிக்கும். உன் வாயால் என் பேரை ஒரு தரமாவது கேட்கும். அது போய்விட்டால் எனக்கு அவளிடம் போக வேறு வழி கிடையாது.

அது நம் வீட்டுச் சுவரில் ஓடுகிற பல்லி இல்லை. சுவர் ஏறத் தெரியாது. பெட்டிக்கு அடியில் ஒரு பக்கமாக ஒட்டியிருக்கிற சூட்டுத் தகட்டை அணைத்துவிடாதே. வயிற்றுக்குச் சூடு படாவிட்டால் தின்றது அதற்குச் செரிக்காது. மீன்தொட்டி விற்கிற கடையில் புழு டப்பா கிடைக்கும். தினமும் வாலைப் பார். வால் பருமனாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

கவி வந்தால் என்ன பேசினாள் என்று ஒன்று விடாமல் எழுது.

உன் தம்பி,
ஆனந்தராஜ்

*

அரியாங்குப்பம்
9.2.2024

தம்பி ஆனந்துக்கு அக்கா எழுதிக்கிறது. நாங்க இருக்கிறோம், நீ வேளைக்குச் சாப்புடுறியா? நான் ரெண்டாங் கிளாசோட நின்னவ. எழுத்து கோணலாத்தான் இருக்கும். எதிருல குந்திக்கினு சொல்றதா நெனச்சிப் படி. ஜெயில் போன்ல பேசினா அழுவறதுக்குள்ளயே கட்டாயிடுது. கடுதாசின்னா நிறுத்தி நிதானமாச் சொல்லலாம்.

ஒம்மாமா முட்டிக்கு எருக்க எல வாட்டிக் கட்டுறேன். நோணாங்குப்பம் போட் ஹவுசுல கயிறு புடிக்கிற வேலைக்கு மறுபடி போறாரு. அங்க ஒருத்தன் மெட்ராசுக்காரன் போட்டுல ஏறும்போது செருப்பத் தண்ணியில வுட்டுட்டு, அத எடுத்துக் குடுத்தாத்தான் எறங்குவேன்னு சண்ட போட்டானாம். இவரு முட்டி வலியோட எறங்கித் தேடி எடுத்தா, அது வேற எவனோடதோ செருப்பு. சரி, நான் எங்க இருந்து எங்க போறேன் பாரு.

கடுகு நல்லா இருக்குது. மொத நாளு எனக்கு அதத் தொடவே கூச்சம். அதுக்கு நம்ம பல்லி மாதிரி இல்ல, கண்ணு ரெப்ப இருக்குது, மூடித் தொறக்குது. ஒரு தரம் என்னப் பாத்து மெதுவா மூடித் தொறந்துச்சு. அதோட கூச்சம் போச்சு. படுத்துக்க ஒரு கொட்டாங்கச்சிய ஒடச்சிக் கவுத்து வெச்சிருக்கேன். அதுக்குள்ளாறப் பூந்துக்கினு மூஞ்ச மட்டும் நீட்டுது. எதிர்வூட்டுக்காரி நேத்து வந்து பாத்துட்டு, "எக்கா, ஊருல பல்லிய வெரட்ட முட்டத் தோலு மாட்டுறோம். நீ மெத்த போட்டு வளக்குறியே, பேரு வெச்சியா, காது குத்தினியா"ன்னு கேட்டுச் சிரிச்சா. சிரிக்கட்டும்.

கவி வந்துச்சு. ஜெயசித்ரா தெருமொனையிலயே ஸ்கூட்டர நிறுத்தி எறக்கி வுட்டுட்டுப் போயிடுது. நான் கை காட்டினேன், அது பாக்கல. கவி புழுவ இடுக்கியில புடிச்சி நீட்டுச்சு, கடுகு லபக்குனு புடிச்சிக்கிச்சு. அப்புறம் அதுவாக் கேட்டுச்சு, "அத்த, அப்பா இருக்கிற எடத்துல ஃபேன் இருக்குதா?" இருக்குதுன்னு சொல்லிட்டேன். இருக்குதா?

அக்கா அஞ்சலாட்சி

*

வேலூர் ஜெயில்
18.2.2024

அக்காவுக்கு, உன் கடிதம் வந்த பிறகு ரெண்டு நாள் உடம்பும் மனசும் லேசாக இருந்தது. மாமாவைப் பாரம் தூக்க விடாதே.

ஃபேன் இருக்கிறது என்றே சொல். அந்த ஒரு வரியை எத்தனை தரம் படித்தேன் என்று எனக்கே தெரியாது.

கடுகைப் பற்றி அவள் ஏதாவது கேட்டால் இதைச் சொல். படுக்கும்போது அவளுக்கு நான் கதை சொல்வேன். கடுகு ரொம்ப தூரத்து ஊர்க்காரன், அவன் ஊரில் கண்ணுக்கு எட்டின மட்டும் மணல்தான், மணலில்தான் பிறந்தான், மணல் கிடைத்தால் தாய்மடி கிடைத்த மாதிரி என்று அவிழ்த்துவிடுவேன். எனக்கு என்ன தெரியும்? கடைக்காரன் பாதி சொன்னான், மீதி நானே கட்டினது. வாயைத் திறந்துகொண்டு கேட்பாள். அந்தக் கதையை நீ தொடர்ந்து சொல்லேன். உனக்குத்தான் கதை வருமே.

எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும்.

ஆனந்தராஜ்

*

அரியாங்குப்பம்
25.2.2024

தம்பிக்கு, அக்காவும் மாமாவும் கும்புடுற தெய்வமெல்லாம் ஒன்னக் காப்பாத்தணும். ஒடம்பப் பாத்துக்க.

இங்க ஒரு சாவு. ஒம்மாமாவோட பெரியப்பா மவன், அதான் அம்மாவாசங்கிறவரு, போயிட்டாரு. தோட்டத்துல தண்ணி கட்டிட்டு வந்து, மோரு கேட்டாராம். கொண்டாறதுக்குள்ள சாஞ்சிட்டாரு. நல்ல மனுசன், கடனா வாங்கின கொடையக் கூட மழ வுட்ட அன்னிக்கே திருப்பிக் குடுத்துடுவாரு. பங்காளித் தீட்டு வந்துடுச்சு. கருமாதி முடியிற மட்டும் வெளக்கேத்தக் கூடாது, கோயில் கொளம் கூடாது. அதனால நேத்து மாசி மகத்துக்குப் போகல. எனக்குக் கல்யாணம் ஆன நாளா வைத்திக்குப்பம் தீர்த்தவாரிய நான் வுட்டதில்ல. ஒன் வழக்குக்காக வேண்டிக்கினு கடல்ல மூணு முழுக்குப் போடணும்னு இருந்தேன். வாசல்லயே குந்திக்கினு, போற வண்டியெல்லாம் பாத்துக்கினு இருந்தேன்.

கவி அவங்க அம்மாச்சியோட போயி வந்துச்சாம். இன்னிக்கு வந்ததும் வராததுமா ஒரே கத. எத்தன சாமி, எந்தச் சாமி முன்னால வந்துச்சு, யானை எங்க நின்னுச்சுன்னு. பாவாட நுனியில என்னத்தையோ முடிஞ்சி எடுத்தாந்திருந்துச்சு. காட்டுன்னேன், "அது கடுகுக்கும் எனக்கும்"னு ஓடிப் பெட்டிக்கிட்ட குந்திக்கிச்சு. ரெண்டும் ரகசியம் பேசட்டும்னு நான் பாத்திரம் கழுவப் போயிட்டேன். போவும்போது, "அத்த, நான் சாமிகிட்ட ஒண்ணு கேட்டிருக்கேன், சொன்னாப் பலிக்காது"ன்னு சொல்லிட்டுப் போச்சு. நீயே தெரிஞ்சிக்க, ஒம் புள்ள என்னா கேட்டிருக்கும்னு.

அஞ்சலாட்சி

*

அரியாங்குப்பம்
17.3.2024

தம்பி, சுகந்தானே. வெயில் ஏறிப்போச்சு, தண்ணி நெறயக் குடி.

கடுகு சாப்புட மாட்டேங்குது. சொல்ல வேணாம்னுதான் பாத்தேன். நாலஞ்சி நாளா இருக்கும்னு நெனச்சேன், கணக்குப் பாத்தா அதுக்கும் மேல ஆவுது. மொதல்ல ஒரு புழுவத் தின்னுட்டு ஒண்ண வுட்டுச்சு. இப்ப புழு அது மூஞ்சி மேலயே ஏறிப் போவுது, மூஞ்சத் திருப்பிக்குது. வயலுப் பக்கம் போயி பச்ச வெட்டுக்கிளி புடிச்சாந்தேன். அம்மாம் பெரிய பொம்பள முந்தானையத் தூக்கிக்கினு வெட்டுக்கிளி பின்னால ஓடுனத ரோட்டுல போறவன் நின்னு பாத்துட்டுப் போறான். அதையும் தொடல. வெளிக்கும் போவல. வாலு வத்திக்கினே வருது. எலும்பு தெரியிற மாதிரி.

நம்ம வூட்டுப் பல்லின்னா வாயத் தொறந்து கிழக்கச் சொன்னா ஒரு பலன், மேற்கச் சொன்னா ஒரு பலன். இது வாயே தொறக்காது. என்னான்னு நான் பாக்குறது?

கவிகிட்ட, வெயிலுக்கு மந்தமா இருக்குதுன்னு சொன்னேன். அது நம்பல. என்னா செய்யணும்னு ஒடனே எழுது.

அக்கா

*

வேலூர் ஜெயில்
24.3.2024

அக்கா, நீயும் மாமாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். கை ஓடவில்லை.

சூட்டுத் தகடு வேலை செய்கிறதா, கை வைத்துப் பார். கரண்ட் போனால் வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வை. வாயைப் பிளந்து திணிக்காதே. கையில் எடுத்துக்கொண்டே இருக்காதே, பயந்து இன்னும் தின்னாது. பெட்டிக்குள்ளே தரையில் பேப்பர்தானே போட்டிருக்கிறாய்? வேறு எதுவும் இல்லையே? இதற்கு மட்டும் மறக்காமல் பதில் எழுது. மாட்டாஸ்பத்திரிக்காவது எடுத்துப் போ. இங்கே ஒருவர் சொல்கிறார், குட்டி என்றால் ரொம்ப நாள் தாங்காது என்று.

அது என் பிள்ளையின் கால், அக்கா. உன் வீட்டுக்கு அவள் நடந்து வருகிற கால்.

ஆனந்தராஜ்

*

அரியாங்குப்பம்
7.4.2024

தம்பிக்கு, நாங்க இருக்கிறோம். ஒம்மாமாவுக்கு முட்டி மறுபடி வீங்கிப் போச்சு, பரவால்ல.

ஒன் கடுதாசி வந்த மறுநாளே மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். பிஸ்கட் டப்பாவுல துணி போட்டு, மடியில வெச்சிக்கினு பஸ்சுல. அங்க ஒரு மாடு, கன்னு போட முடியாம நின்னுக்கினு அழுவுது. அதும் கண்ணுல தண்ணி ஊத்துது. அது பக்கத்துல நான் டப்பாவோட. நாய் கொண்டாந்தவன் எட்டிப் பாத்துட்டு, "பல்லிக்கு இன்னிக்கு ஊசியா? கரப்பானுக்கு எந்தக் கெழம வருவ?"ன்னான். நான் டப்பாவ முந்தானைக்குள்ள மறச்சிக்கினேன்.

டாக்டரம்மா சின்ன வயசு. நல்ல மாதிரி. செல்போன் வெளிச்சத்த அடியில புடிச்சிக் காட்டுனாங்க. தோலு கண்ணாடி மாதிரி, உள்ள வயித்துல கருப்பா ஒரு கட்டி. மணலுன்னாங்க. புழுவக் கவ்வும்போது கூடவே மணலும் போயி, ஈரச் சிமிட்டி மாதிரி இறுகிப் போச்சாம். வெதுவெதுப்பாத் தண்ணியில நிக்க வெச்சி, வயித்த நோவாமத் தடவச் சொன்னாங்க, வாயோரம் ஒரு சொட்டு எண்ண. "முன்னாலயே வந்திருக்கலாம்மா"ன்னு மெதுவாத்தான் சொன்னாங்க. நான் சோத்துக் கிண்ணியில வெந்நித் தண்ணி வெச்சிக் காலையிலயும் சாயங்காலமும் தடவுறேன். என் சுண்டு வெரலு அதுக்கு எவ்ளோ பெருசு தெரியுமா. நடுநடுவுல கண்ணத் தொறந்து என்னப் பாக்குது.

நீ பேப்பரான்னு கேட்ட. மேல பேப்பருதான். கொட்டாங்கச்சிக்கு அடியில மணலு. நான்தான் போட்டேன். மாசி மகத்துக்குப் போனப்ப, சாமி கால் நனைச்ச எடத்துல ஒரு புடி அள்ளியாந்து போட்டேன். நல்லதுன்னு நெனச்சேன். என்ன ஏசிக்க.

அஞ்சலாட்சி

*

வேலூர் ஜெயில்
14.4.2024

அக்கா, இன்று வருஷப் பிறப்பு. நீங்கள் நன்றாக இருங்கள்.

மணலா? கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சின்ன உயிருக்கு மணலா? உன் பக்தியை என் பிள்ளை தலையிலா கொட்டினாய்? எனக்கு இருந்தது ஒரு வழி. அதை நீ தூர்த்துவிட்டாய்.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

ஆனந்தராஜ்

*

அரியாங்குப்பம்
5.5.2024

தம்பி, எழுதாதன்ன. எழுதாம இருக்க முடியல. எப்படி இருக்கிற?

கடுகு போயிடுச்சு. ரெண்டு வாரம் ஆச்சு, சனிக்கெழம சாயங்காலம். வெந்நியில நிக்க வெச்சித் தடவிக்கினு இருந்தேன். கொஞ்சம் மணலு வெளிய வந்துச்சு, எனக்கு ஒரே சந்தோஷம், ஒம்மாமாவக் கூப்புட்டேன். அவரு நொண்டிக்கினு வர்றதுக்குள்ள என் உள்ளங்கையிலயே தல சாஞ்சிடுச்சு. இத்துனூண்டு கனம். போன பிற்பாடு அந்தக் கனமும் இல்ல.

மறுநாளு கவி வந்துச்சு. அது வர்ற மட்டும் வெச்சிருந்தோம். முருங்க மரத்துக்கிட்டப் பொதச்சோம். அழுவும்னு பாத்தேன், அழுவல. பெட்டியத் தொறந்து கொட்டாங்கச்சியத் தூக்கிப் பாத்துச்சு. நான் அதுக்கு முன்னாலயே கழுவித் தொடச்சி வெச்சிட்டேன். எங்கிட்ட ஒண்ணு கேட்டுச்சு. அத எழுத வேணாம். இல்லவே இல்லன்னு சொன்னேன்.

அதுக்கப்புறம் கவி சரியில்ல. ஜெயசித்ரா போன வாரம் வூட்டுக்குள்ளாறயே வந்துச்சு, மொத தரம். சொம்புத் தண்ணியக் கையில வெச்சிக்கினு, குடிக்காமயே, "அண்ணி, புள்ள சோறு எறக்க மாட்டேங்குது. வாயில வெச்சாக் குமட்டுது. டாக்டருக்கு ஒண்ணும் புரியல. நீங்க பேசிப் பாருங்க"ன்னு சொல்லி அழுதுச்சு. என்னா பாடுபட்டு வந்திருக்கும் இந்த வாசலுக்கு. நான் சொறாப்புட்டு செஞ்சி ஊட்டிப் பாத்தேன். கன்னத்துலயே அடக்கி வெச்சிக்கினு மூஞ்சத் திருப்பிக்கிச்சு. மணிக்கட்டு முருங்கக் குச்சியாட்டம் இருக்குது.

ஏன்னு எனக்குத் தெரியல. ஒங்கோவம் ஒனக்கு இருக்கட்டும். சாப்புடாம மட்டும் இருக்காத.

அக்கா

*

வேலூர் ஜெயில்
9.6.2024

அக்கா, உன் உடம்பு எப்படி இருக்கிறது? மாமா எப்படி இருக்கிறார்? முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும். உன் கடிதத்துக்கு ஒரு மாசமாகப் பதில் எழுதாமல் இருந்தேன். உன்மேல் கோபமாகவே இருக்க வேண்டும் என்று உன் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன்.

நீ மாசி மகத்துக்குப் போகவில்லை. அம்மாவாசை அண்ணன் செத்த தீட்டு. வாசலில் உட்கார்ந்து வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நீயே எழுதியிருக்கிறாய். பாவாடை நுனியில் முடிந்து எடுத்து வந்ததையும் எழுதியிருக்கிறாய். உனக்குப் பொய் சொல்ல வராது அக்கா. கதை பேசுகிறவளுக்குப் பொய் நிற்காது.

அவள் உன்னிடம் என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியும். மணல் கிடைத்தால் தாய்மடி என்று சொல்லிக்கொடுத்தவன் நான். என்னை வெளியே கொண்டுவரச் சாமியைக் கேட்டு, சாமி கால் பட்ட மண்ணை அதற்குத் தாய்மடியாகப் போட்டிருக்கிறாள். கொட்டாங்கச்சிக்கு அடியில் அந்த மணல் இல்லாததைப் பார்த்ததுமே புரிந்துகொண்டிருப்பாள். தன் கையாலேயே கொன்றுவிட்டோம் என்று இப்போது சோற்றை விட்டிருக்கிறாள். நீ இல்லவே இல்லை என்று சொன்னால் நம்ப மாட்டாள். அவளுக்கு ஒரு காரணம் வேண்டும். மணலை விடப் பெரிய காரணம்.

இப்படிச் சொல். அப்பா கடிதம் எழுதியிருக்கிறார், உண்மையை ஒத்துக்கொண்டார் என்று சொல். கடுகு கடையிலேயே நோய்ப் பிராணி. பிழைக்காது, எடுத்துப் போகாதே என்று கடைக்காரன் சொன்னான். மலிவு என்று அப்பா தெரிந்தேதான் வாங்கி வந்தார், மறைத்துவிட்டார் என்று சொல். மணல் போட்டாலும் போடாவிட்டாலும் அது செத்திருக்கும் என்று சொல். ஜெயசித்ராவிடமும் இதையே சொல். அவள் என்னைத் திட்டுவாள். கவி முன்னால் திட்டட்டும்.

எனக்காக இதில் எதையும் குறைத்துச் சொல்லாதே. அக்கா, உன் காலைத் தொட்டுக் கேட்கிறேன். நீ குறைத்தால் அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

நான் உன்னைப் பேசினதெல்லாம் மன்னிச்சிடு.

தம்பி

*

அரியாங்குப்பம்
30.6.2024

தம்பி ஆனந்துக்கு, அக்கா எழுதிக்கிறது. ஒம்மாமா நடக்குறாரு. எனக்கு ஒண்ணும் இல்ல. நீ எப்படிடா இருக்கிற?

இந்தக் கடுதாசியில கத ஒண்ணும் இல்ல. சொல்ல வேண்டியத மட்டும் சொல்றேன்.

ஒன் கடுதாசிய நான் மூணு ஞாயித்துக்கெழம தள்ளிப் போடலாம்னு இருந்தேன். கவியப் பாத்ததும் தள்ள முடியல. காத்தடிச்சா வுழுந்துடும் போல இருந்துச்சு. பக்கத்துல குந்த வெச்சி, நீ எழுதினத எழுதினபடியே சொன்னேன். ஒண்ணும் கொறைக்கல. என் வாயி வெந்துச்சு.

சொவத்துல நம்ம பல்லி ஒண்ணு ஓடுச்சு, கவி அதையே பாத்துக்கினு இருந்துச்சு. அப்புறம் கேட்டுச்சு.

"அப்பாவுக்குத் தெரியுமா அத்த? தெரிஞ்சேதான் எங்கிட்டக் குடுத்தாங்களா?"

ஆமான்னேன்.

"வெறும் காய்கறி வண்டின்னு பொய் சொன்ன மாதிரியா?"

ஆமான்னேன், தம்பி. நீ கொறைக்காதன்ன.

அது அப்ப அழுதுச்சு பாரு. கடுகப் பொதச்ச அன்னிக்கு அழாத அழுகையெல்லாம். என் மடி நனைஞ்சி போச்சு. அழுது முடிச்சி, மூஞ்சக் கழுவிக்கினு வந்து, "அத்த, பசிக்குது"ன்னுச்சு. வூட்டுல வெறும் சோறும் நெத்திலிக் கொழம்புந்தான். ஒரு தட்டுத் தின்னுட்டு, மறுபடியும் போடச் சொல்லித் தின்னுச்சு. நான் பாத்துக்கினே குந்தியிருந்தேன். நீ கெட்டவனான பிற்பாடுதான் அந்தத் தொண்டையில சோறு எறங்குச்சு.

போவும்போது பெட்டியத் தரட்டுமான்னு கேட்டேன். வேணான்னுச்சு. ஸ்கூட்டர்ல ஏறிக் குந்திக்கினு அவங்கம்மா முதுவுல சாஞ்சிக்கிச்சு. திரும்பிப் பாக்கல.

அதுக்கடுத்த ஞாயித்துக்கெழம வரல. இன்னிக்கும் ஞாயித்துக்கெழமதான். ஜெயசித்ரா போன் பண்ணுச்சு, புள்ள நல்லா சாப்புடுது அண்ணின்னு சொல்லிச்சு. அத்த வூட்டுக்குப் போறியான்னு கவியக் கேட்டதுக்கு எதுக்கும்மான்னு கேட்டுச்சாம்.

ஃபேன் இருக்குதான்னு நான் கேட்டதுக்கு நீ சரியாப் பதில் எழுதவே இல்ல. இருக்குதா?

அக்கா அஞ்சலாட்சி